பவர் பேங்க்ல சிரிக்கிற அம்மா

நேத்து நைட் டூட்டில ஹவுஸ் சர்ஜன் தம்பியோட பவர் பேங்க்ல பூத்தொப்பி போட்ட மண்டையோடு ஒண்ணு. சுத்தி செண்டுமல்லி. (அந்தப் பூவும் மெக்சிகோல இருந்து நமக்கு வந்ததுதான்!) "சும்மா டிசைன் சார்"னான்.

சும்மா இல்லைங்க. அந்த அம்மா பேர் கத்ரீனா.

1910 வாக்கில் மெக்சிகோ சிட்டியில் ஹோசே குவாதலூப்பே போசாதா செதுக்கிய படம். மலிவு விலைத் தெருத்தாள்களுக்குப் படம் போட்டவர் அவர். அப்போ அவளுக்குப் பேர் 'கர்பன்செரா', கொண்டைக்கடலைக்காரி. தன் பூர்வகுடி வேரை மறைச்சு, ஐரோப்பியர் மாதிரி வேஷம் போட்டவங்களைக் கிண்டல் பண்ணினார். படத்தில் தலையும் பெரிய தொப்பியும் மட்டும்தான்.

அனாட்டமி படிச்சவங்களுக்கு இந்தக் கிண்டல் சட்டுனு புரியும். மண்டையோட்டைக் கையில் வெச்சுக்கிட்டு, இது பெரிய வீட்டுப் பிள்ளைன்னு எந்த புரொஃபசராலும் சொல்ல முடியாது.

1947ல் தியேகோ ரிவேரா தன் சுவரோவியத்தில் அவளுக்கு உடம்பும் நீளமான கவுனும் கொடுத்தார். பக்கத்திலேயே போசாதாவை, அவ கையைக் கோத்தபடி நிக்க வெச்சார். அதுக்கப்புறம் நவம்பர் 1, 2ல் வர்ற 'இறந்தோர் நாள்' கொண்டாட்டத்துக்கே அவதான் முகம். இப்போ கப், டி-ஷர்ட், பவர் பேங்க்.

போசாதா 1913ல் வறுமையில் செத்தார். ஏழைகளைப் புதைக்கிற இடத்தில்தான் அவரையும் புதைச்சாங்க.