மின்னூட்டம் தங்காத வீடுகள்

சிம்லாவிலோ டொராண்டோவிலோ ஒரு பனிக்காலத்தைக் கழித்தவர்கள் அறிவர்: கம்பளிச் சட்டையைக் கழற்றினால் சடசடவென்று பொறி எழும், கதவின் கைப்பிடியைத் தொட்டால் விரல்நுனி சுரீரென்னும். ஆரணியாற்றுப் படுகையில், புத்தூருக்கும் ஊத்துக்கோட்டைக்கும் இடையிலுள்ள நாகலாபுரத்தில் இந்த அனுபவம் எளிதில் வாய்க்காது. கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாளின் பெயரால் அமைத்ததாகக் கோயில் மரபு கூறும் ஊர் இது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் எல்லை ஊர். இங்கே குளிர்காலம் என்பது வடகிழக்குப் பருவமழையின் வால். ஐப்பசி, கார்த்திகையில் மழை, மார்கழியில் பனி. காற்று வறள்வது சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில்தான்.

மொழியியல் பயின்ற எனக்கு இவ்வேறுபாடு சொற்களில் பதிந்திருக்கிறதா என்ற ஐயம் நெடுநாளாக உண்டு. கிரேக்கத்தில் 'எலெக்ட்ரான்' என்றால் அம்பர், அதாவது தேய்த்தால் துரும்பை இழுக்கும் மரப்பிசின் கல். 1600இல் வில்லியம் கில்பர்ட் அச்சொல்லிலிருந்தே ஒரு புதிய இலத்தீன் பெயரடையை ஆக்கினார். பாரசீகத்தில் அம்பரின் பெயர் 'கஹ்ருபா', வைக்கோலைக் கவர்வது. அது அரபியில் 'கஹ்ரபா' ஆகி இன்று மின்சாரத்தையே குறிக்கிறது. வடமொழியும் 'த்ருணமணி' என்று புல்லை ஈர்க்கும் மணியைச் சுட்டியது. தமிழோ மின்னலிலிருந்து 'மின்' என்னும் வேரை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டுப் பாடநூலின் 'மின்னூட்டம்', இலங்கையின் 'மின்னேற்றம்' இரண்டும் அவ்வேரில் கிளைத்தவையே. அங்கே கையில் தேய்த்த கல். இங்கே வானத்து ஒளி.

இவ்வாதத்தை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. அம்பர் நம் நிலத்துப் பொருளன்று. மேலும் நம் கலைச்சொற்கள் உருவாகுமுன்பே, 1752இல், மின்னலும் தேய்ப்பில் எழும் பொறியும் ஒன்றே என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் வீட்டுக்குள் துணி ஒட்டிக்கொள்வதற்கு நம் பேச்சில் தனிச்சொல் இல்லை என்பது உண்மை. இன்றும் 'காந்தம் மாதிரி ஒட்டுகிறது' என்று வேறொரு விசையின் பெயரைத்தான் கடன் வாங்குகிறோம்.

காரணம் வீட்டின் அமைப்பிலேயே இருந்தது. எந்த இரு பொருள்கள் உரசினாலும் மின்னூட்டம் பிறக்கும். அது தங்குவதா, கசிந்து மண்ணுக்குப் போவதா என்பதே கேள்வி. நியமச் சூழலில் பருத்தி தன் உலர் எடையில் 8.5 விழுக்காடு ஈரத்தை வைத்திருக்கும், பாலியெஸ்டர் 0.4 விழுக்காடுதான். பருத்தி வேட்டி, வெறுங்கால், சாணம் மெழுகிய மண்தரை, திறந்த முற்றம் என அமைந்த வீட்டில் மின்னூட்டம் நொடியில் வடிந்துவிடும். குளிர்நாட்டு வீடு இதற்கு நேர்மாறு. 0 பாகை செல்சியசில் ஈரம் நிறைந்திருக்கும் காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 26 விழுக்காடாகச் சரியும். 1759இல் இலண்டனில் ராபர்ட் சிம்மர் மாலைதோறும் தம் கறுப்பு, வெள்ளைப் பட்டுக் காலுறைகளைக் கழற்றி, அவை ஒன்றையொன்று ஈர்ப்பதையும், உள்ளே கால் இருப்பதுபோல் உப்பி நிற்பதையும் அரச கழகத்துக்கு எழுதியது அத்தகைய காற்றில்தான். நம் காற்றில் அவருக்கு எழுத ஒன்றும் இருந்திராது.

பிறகு நைலக்ஸ் புடவையும் டெரிலின் சட்டையும் வந்தன. துவைத்தவுடன் உலரும், பெட்டி போட வேண்டாம் என்பது அவற்றின் பெருமை. ஈரத்தை ஏற்காத அதே குணம்தான் மின்னூட்டத்தையும் விடாது பிடித்துவைக்கிறது. ரப்பர்ச் செருப்பு பாதத்தைத் தரையிலிருந்து பிரித்தது. குளிர்சாதனம் அறைக்காற்றின் ஈரத்தைப் பிழிந்து வெளியேற்றியது. சிம்லாவின் காற்றை நாமே விலைகொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தோம் என்பேன்.

இன்று சொல்லப்படும் தீர்வுகளைப் பாருங்கள்: அறையின் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்தல், பருத்தி உடுத்தல், வெறுங்காலுடன் நடத்தல், தோல் வறளாமல் எண்ணெய் தடவுதல். குளிர்நாட்டில் இருப்போர் இன்னொன்றும் செய்யலாம்: கைப்பிடியை முதலில் சாவியால் தொட்டால் பொறி சாவிமுனையில் தெறிக்கும், விரல் தப்பும். இந்தக் கடைசி உத்தியைத் தவிர மற்றவை பழைய வீட்டின் வழக்கங்களே.

வீட்டில் இது ஒரு சிறு தொல்லை. சிவகாசியில் உயிர்ப்பிரச்சினை. மழை குறைந்த, வறண்ட வானிலையை நம்பியே 1920களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது. பட்டாசு அதைத் தொடர்ந்தது. மருந்து உலர உதவும் அதே காற்று உடம்பில் மின்னூட்டத்தையும் தேக்கும். வறண்ட காற்றில் கம்பளத்தின்மீது நடக்கும் மனித உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம் என்றும், ஈரக்காற்றில் அது 1,500 அளவில் நின்றுவிடும் என்றும் மின்னணுத் தொழிலின் பாதுகாப்புக் கையேடுகள் காட்டுகின்றன. ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழே நமக்கு உணர்வே இராது. நாம் உணராத அந்தப் பொறியே அலுமினியத் தூள் கலந்த சில மருந்துகளைப் பற்றவைக்கப் போதும். ஆகவேதான் மருந்துக் கலவை அறைக்குள் நுழைபவர் வாயிலில் மண்ணோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட வேண்டும், செயற்கை இழை உடுத்தக் கூடாது, பருத்தியே வேண்டும் என்று பாதுகாப்பு நெறிகள் வலியுறுத்துகின்றன.

நெறி சரியானது. ஆனால் கூலிக்குப் போகும் பெண்ணுக்குக் கட்டுப்படியாகும் புடவை பாலியெஸ்டர். பருத்திதான் விலை கூடியது. ஒரு தலைமுறைக்குமுன் ஏழையின் உடையாக இருந்தது இன்று வசதியானவரின் தேர்வாகிவிட்டது. உரிமம் பெற்ற ஆலையில் மேலாளர் பருத்தி அங்கி கொடுக்கலாம், தகட்டைத் தொடச் சொல்லலாம். விருதுநகர் மாவட்டத்தில் அனுமதியின்றிப் பட்டாசு செய்யப்படும் வீடுகளில் அங்கியும் இல்லை, தகடும் இல்லை. சிமெண்டுத் தரையில் விரித்த பிளாஸ்டிக் பாயும், அதன்மேல் அமர்ந்து திரி செருகும் பாலியெஸ்டர்ப் புடவையும்தான் இருக்கின்றன.