பப்பான் ஊரின் மருத்துவத் தாய்

ஆறுமுகம், கார்த்திகேசு என்னும் பெயர்கள் திருத்தணிப் பகுதியில் வாழும் நமக்குப் புதியன அல்ல. 365 படிகள் கொண்ட இம்மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் முருகனின் பெயர்களுள் ஒன்றைத் தாங்காத தெருவே இல்லை எனலாம். 1911ஆம் ஆண்டு வரை திருத்தணியும் அடங்கியிருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டம், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. கப்பலேறிய எளிய மக்கள் தம் பெயர்களையும் வழிபாட்டையும் உடன் கொண்டு சென்றனர். ஈப்போ நகரின் கல்லுமலையில் இன்றும் முருகனுக்குக் கோவில் உண்டு. அதே ஈப்போவில், கார்த்திகேசு என்னும் பெயரைத் திருமணத்தின் வழியே பெற்று, அதனை வரலாற்றில் பொறித்துச் சென்ற கத்தோலிக்கத் தாய் ஒருவரைப் பற்றியே இங்குச் சிந்திக்கிறோம். அவர் செவிலி சிபில் கார்த்திகேசு.

இல்லறமும் தொண்டும்

சிபில் டேலி 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராவின் மேடான் நகரில், ஐரோப்பிய-ஆசியக் கலப்புக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். செவிலியர் பணியிலும் மகப்பேற்றுப் பணியிலும் பயிற்சி பெற்றார். தைப்பிங் நகரில் பிறந்த தமிழரான மருத்துவர் அப்டன் கிளமென்ட் கார்த்திகேசுவை மணக்க விரும்பினார். ஆறுமுகம் கணபதிப் பிள்ளை என்பது அம்மருத்துவரின் தமிழ்ப் பெயர். சமய வேறுபாட்டால் முதலில் எழுந்த தயக்கங்கள் நீங்கி, 1919 சனவரி 7ஆம் நாள் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் புனித அருளப்பர் ஆலயத்தில் அவர்களது திருமணம் நிறைவேறியது.

அவர்களின் தலைப்பிள்ளை மைக்கேல் பிறந்து ஒரு நாள்கூட முழுமையாக வாழவில்லை. முதல் உலகப் போரில் உயிர்நீத்த தம் தமையனின் பெயரையே சிபில் அக்குழந்தைக்கு இட்டிருந்தார். எத்தனையோ தாய்மாரின் குழந்தைகளைக் கையில் ஏந்தப் போகிறவருக்குத் தம் முதற்குழந்தையை இழக்கும் துயரம் முன்னதாகவே வந்து சேர்ந்தது. பின்னர் வில்லியம் என்னும் சிறுவனைத் தத்தெடுத்தனர். ஓல்கா, டான் என்னும் மகள்கள் இருவர் பிறந்தனர். 1926 முதல் ஈப்போவின் புரூஸ்டர் சாலையில் கணவரும் மனைவியும் மருத்துவமனை நடத்தினர். சிபில் கன்டோனீஸ் சீன மொழியைச் சரளமாகப் பேசியதால், சீனத் தொழிலாளர் குடும்பங்கள் அவரைத் தம்முள் ஒருவராகவே கருதின.

இருளில் திறந்த கதவு

1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அம்மாத நடுவில் ஈப்போ மீது குண்டுகள் விழுந்தன. கார்த்திகேசு குடும்பம் அருகிலிருந்த ஈயச் சுரங்க ஊராகிய பப்பானுக்கு இடம் பெயர்ந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் மலாயாவின் தமிழர் பட்ட பாடு பெரிது. சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களுள் பல்லாயிரவர் திரும்பவே இல்லை.

பப்பானில் பகலில் ஊராருக்கு மருத்துவம் நடந்தது. இரவில், காட்டில் மறைந்து போராடிய கெரில்லாக்கள் காயங்களுடன் வந்தனர். அவர்களின் உடலிலிருந்து குண்டுகளை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார் சிபில். அவர்களுள் பெரும்பாலோர் பொதுவுடைமைக் கொள்கையினர்; கடவுளை ஏற்காதவர். செபமாலையைக் கையில் ஏந்திய சிபில், அதே கையால் அவர்களின் புண்ணைக் கழுவினார். நல்ல சமாரியன் உவமையை நாம் ஆண்டுதோறும் மறையுரையில் விளக்குகிறோம். அவர் அதனைத் தம் வீட்டுப் பின்கட்டில் நடத்திக் காட்டினார். தடை செய்யப்பட்ட வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து, பி.பி.சி. செய்திகளைக் கேட்டு, சோர்ந்திருந்தோர்க்குச் சொன்னதும் உண்டு.

1943இல் கணவரும் மகன் வில்லியமும் சிபிலும் பிடிபட்டனர். கெம்பெய்த்தாய் எனப்பட்ட இராணுவக் காவல் பிரிவினர் அவரைக் கொடிய சித்திரவதைகளுக்கு உள்ளாக்கினர். முதுகெலும்பு சிதைந்து நடக்கும் ஆற்றலை இழந்தபோதும், தம்மிடம் மருத்துவம் பெற்ற எவருடைய பெயரையும் அவர் வெளியிடவில்லை.

ஒரு தாயின் மௌனம்

அவரது வாழ்வில் நம்மை நடுங்கச் செய்யும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அவரைப் பேசவைக்க வேறு வழி காணாத அதிகாரி, சிறு குழந்தையான டானை மரத்தில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டச் செய்தான். தாய் பார்த்துக் கொண்டிருந்தார், பெயர்களைச் சொல்லவில்லை. மற்றொரு சப்பானிய அதிகாரி தலையிட்டதால் குழந்தை உயிர் தப்பியது.

இவரை அன்புள்ள தாய் என்று எவ்வாறு அழைப்பது என்று சிலர் வினவலாம். அவ்வினாவை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. முதலாவதாக, நெருப்பை மூட்டியவர் தாய் அல்லர். கொடுமையின் பொறுப்பு அதைச் செய்தவனையே சாரும்; அவன் கேட்டதைக் கொடுக்க மறுத்தவரைச் சாராது. இரண்டாவதாக, அவர் காத்து நின்ற பெயர்கள் ஒவ்வொன்றும் வேறொரு தாயின் பிள்ளையுடையவை. ஒரு பெயர் வெளிவந்திருந்தால் ஓர் ஊரே அழிந்திருக்கக் கூடும். தாயன்பு தன் வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டுமா, வாசலைக் கடந்தும் செல்ல வேண்டுமா என்பதே அங்கே எழுந்த கேள்வி.

விடுதலைப் பயண நூலில் சிப்ரா, பூவா என்னும் மருத்துவப் பெண்கள் வருகின்றனர். பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு பார்வோன் இட்ட ஆணைக்கு அவர்கள் பணியவில்லை. மக்கபேயர் இரண்டாம் நூலில், தன் ஏழு மக்களும் வதைபட்டு இறப்பதைக் கண்டும் அவர்களை உறுதிப்படுத்திய தாய் ஒருத்தி வருகிறாள். அப்பெண்களின் துணிவும் அத்தாயின் வேதனையும் பப்பானில் ஒரே பெண்ணிடம் ஒருசேரக் கூடின.

ஆயினும் இதனை எல்லாத் தாய்மாருக்கும் விதியாக்கிவிடக் கூடாது. வதையின்முன் குழந்தைக்காக வாய் திறந்துவிடும் ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு உரிமையில்லை. மறைசாட்சியம் அருளால் கிடைப்பது. ஆணையிட்டுப் பெறக்கூடியது அன்று.

கல்லறையும் நினைவும்

ஆயுள் தண்டனை பெற்று பத்து காஜா சிறையில் கிடந்த சிபில், 1945இல் சப்பான் சரணடைந்த பின் விடுதலையானார். சிகிச்சைக்காகப் பிரித்தானியாவுக்கு விமானத்தில் அழைத்துச் செல்லப்பட்டார். ஆறாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தார். சித்திரவதையில் தாடையில் பட்ட காயம் நஞ்சாகி, 1948 ஜூன் மாதம், தம் 48ஆம் வயதில் அவர் இறந்தார். ஸ்காட்லாந்தின் லானர்க்கில் புதைக்கப்பட்ட அவரது உடல், 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித மிக்கேல் ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவரது நினைவுக் குறிப்புகள் 1954இல் ஆங்கிலத்தில் நூலாயின. ஈப்போவில் ஒரு சாலை அவர் பெயரால் வழங்குகிறது.

புனிதர் வரிசையில் அவர் பெயர் இடம் பெறவில்லை. எனினும், தூய வாழ்வு துறவியர்க்கு மட்டும் உரியதன்று. இல்லறத்தார்க்கும் தொழில் செய்வோர்க்கும் உரிய அழைத்தல் அது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் தெளிவுறக் கற்பித்தது. சிபில் தாயாக வாழ்ந்தது ஒரு நேரம், செவிலியாக உழைத்தது ஒரு நேரம், ஆலயத்தில் மன்றாடியது ஒரு நேரம் எனப் பிரித்துக் காண இயலாது. பீடத்தில் பெற்றதை நோயாளியிடம் கொடுத்தார். நோயாளிக்காகக் கற்ற பொறுமையைச் சிறையில் காத்தார்.

நம் பங்குகளிலும் இரவுப் பணி முடித்து, உறங்காத கண்களுடன் ஞாயிறு திருப்பலிக்கு வரும் செவிலித் தாய்மார் உள்ளனர். பீடத்தை அலங்கரிக்கவும் அன்பியக் கூட்டத்திற்கு வரவும் அவர்களுக்கு நேரமில்லை என நாம் குறை கூறிவிடுகிறோம். அவர்கள் வீடு திரும்பும்போது சமையலை முடித்து வைத்திருக்கும் கணவரும், பிள்ளைகளைக் கவனித்துக் கொள்ளும் அண்டை வீட்டாரும், அவர்களின் உழைப்பையே காணிக்கையாக ஏற்கும் பங்குச் சமூகமும் அவர்களுக்குத் தேவை. சிபில் கார்த்திகேசுவின் நினைவைப் போற்ற நாம் ஈப்போவரை செல்ல வேண்டுவதில்லை; அடுத்த ஞாயிறன்று அத்தாய்மாருக்கு ஆலயத்தில் ஓர் இருக்கையைக் காலி செய்து கொடுத்தே தொடங்கலாம்.