சோப்பு நுரைக்காத ஊர்

வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரிக்கும் முறையில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. வேளாண் பல்கலைக்கழகத் துண்டறிக்கையோ, மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவோ, கிட்டத்தட்ட ஒரே கணக்குதான். 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு. வீட்டுத் தோட்டத்துக்கு லிட்டருக்கு 50 கிராம். இடித்து, துணியில் முடிந்து ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் பிழிந்து வடிகட்டி, இலைமேல் ஒட்டிப் பரவுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, வெயில் தாழ்ந்தபின் அடிக்க வேண்டும்.

இதில் அளவைத் தவிர வேறெதுவும் சொல்லப்படாத ஒரு பொருள் இருக்கிறது. தண்ணீர். அது எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. மென்பொருள் வேலையில் இதை டிபெண்டன்சி என்போம். எழுதியவரின் கணினியில் ஏற்கெனவே இருந்ததால் அவர் குறிப்பிட மறந்துபோன விஷயம். இன்னொருவர் கணினியில் ஓட்டும்போதுதான் அது இல்லாதது தெரியும்.

எங்கள் அத்தை வீடு ஆற்காட்டில். பின்கட்டில் நாலு கத்தரி, மிளகாய், ஒரு அவரைப் பந்தல். தைப் பனியில் அவரைக் கொடியின் நுனியெல்லாம் அசுவினி கறுப்பாக அப்பிக்கொள்ளும். சோப்புத் தண்ணி அடிக்கலாமே என்று நான் சொன்னதற்கு அத்தை சிரித்துவிட்டார். "இந்த போர் தண்ணில துணிக்கே நொர வர்ல, செடிக்கு எங்கேர்ந்துடா வரும்?" ஒரு சொம்பில் சோப்பைச் சீவிப் போட்டுக் கலக்கியும் காட்டினார். திரிந்த பால்போல வெள்ளை வெள்ளையாகத் திரண்டு மேலே மிதந்தது. தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன. பூச்சியின் மெழுகுத்தோலைக் கரைக்க வேண்டிய சோப்பு, தெளிப்பானின் மூக்கை அடைத்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் உப்பாகவும் இருந்தால் இன்னொரு கஷ்டம்: இலைமேல் விழுந்த துளி காய்ந்தபின் உப்பு தங்கி, ஓரம் கருகும். அப்புறம் ஜனங்கள் வேப்பங்கொட்டையைத்தான் திட்டுவார்கள்.

இந்தச் சோப்பு நம் செய்முறைக்குள் எப்படி வந்தது என்று தேடிப்போனால் கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. 1880களில் சார்லஸ் ரைலியும் ஹப்பார்டும் ஃபுளோரிடாவின் ஆரஞ்சு மரங்களில் செதில்பூச்சியை ஒழிக்க மண்ணெண்ணெயைத் தண்ணீரில் கலக்கப் பார்த்தார்கள். எண்ணெயைத் தண்ணீரோடு பிணைத்து வைக்க அங்கே சோப்பு பயன்பட்டது. அதே வேலைக்குப் பாலையும் புளித்த பாலையும்கூடப் பயன்படுத்தினார்கள். சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் தண்ணீர் கடினமாக இருப்பதால் அங்கே சோப்பைவிடப் புளித்த பாலே மேல் என்பது அந்நாளைய அறிவுரை. ஆக, குறிப்பு எழுதியவர்களுக்குத் தண்ணீரின் குணம் தெரிந்திருந்தது. மாக்ஸ்வெல்-லெஃப்ராய் 'இந்தியன் இன்செக்ட் பெஸ்ட்ஸ்' நூலை வெளியிட்ட 1906 வாக்கில் மண்ணெண்ணெய்-சோப்புக் கலவை இங்கேயும் வேளாண்துறையின் கைமருந்தாகிவிட்டது. ஊருக்கு ஊர் கைமாறியதில் கலவை தங்கியது, தண்ணீரைப் பற்றிய எச்சரிக்கை உதிர்ந்துவிட்டது. இன்று அதைப் 'பாட்டி வைத்தியம்' என்கிறோம். எந்தப் பாட்டி? கட்டிச் சோப்பே நம் கிராமங்களுக்கு 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

உண்மையான பாட்டியின் மருந்து சாம்பல். பனி ஈரம் காய்வதற்கு முன் அவரையிலும் கத்தரியிலும் அடுப்புச் சாம்பலைத் தூவுவார்கள். நுண்ணிய துகள் அசுவினியின் மேல்தோலை உராய்ந்து அதை உலர்த்திவிடும். தண்ணீரே தேவைப்படாத மருந்து. பிறகு பி.எச்.சி. பவுடர் வந்தது. அதையும் சாம்பலைப் போலவே துணியில் முடிந்து தட்டித் தூவினார்கள். கைப்பழக்கத்தை மாற்றவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது அவ்வளவு சீக்கிரம் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1997-இல் அரசு அதைத் தடை செய்தபோது, திரும்பிப் போகலாமென்றால் பல வீடுகளில் விறகடுப்பு இல்லை. கேஸ் அடுப்பில் சாம்பல் ஏது?

எங்கள் பக்கம் இன்னொரு மருந்தும் புழங்கியது: புகையிலைக் கஷாயம். குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றிய காலத்தில் புகையிலைத் தூளுக்குப் பஞ்சமில்லை. ஊறவைத்து, சோப்புப் போட்டு அடித்தால் பூச்சி நிச்சயம் சாகும். ஆனால் நிகோடின் தோல்வழியாக மனிதருக்குள்ளும் ஏறும் விஷம். தவிர புகையிலையும் தக்காளி, கத்தரி, மிளகாயும் ஒரே குடும்பம்; புகையிலையின் தேமல் வைரஸ் கஷாயத்தோடு செடிக்குப் போய்ச் சேரலாம். வீட்டில் செய்தது என்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது.

வேம்புக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. 1962-இல் டெல்லியில் பிரதானும் சகாக்களும் வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தொடுவதில்லை என்று காட்டினார்கள். 1968-இல் அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. வேம்பின் பூஞ்சைக்கொல்லிக் காப்புரிமைக்காக ஐரோப்பாவில் நடந்த வழக்கு 2005-இல் நமக்குச் சாதகமாக முடிந்ததும் பலருக்கு நினைவிருக்கும். மரத்தை மீட்டோம், சரி. அசாடிராக்டினும் தண்ணீர் பார்க்கும் ஆசாமிதான். லேசான அமிலத்தன்மையில் நிற்கும். காரத்தன்மை ஏற ஏறச் சிதையும்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். ஆற்காடு பாலாற்றின் தென்கரை, ராணிப்பேட்டை வடகரை. மேற்கே ஆற்றோடு போனால் ஆம்பூர், வாணியம்பாடி. இந்தப் பகுதியின் நிலத்தடி நீர் கற்பாறையிலிருந்து வருவது, இயல்பிலேயே கொஞ்சம் கடினம். எல்லா உப்பையும் தோல் தொழிற்சாலையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் தோல் வேலை என்பதே உப்பும் சுண்ணாம்பும்தான். பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் சுமார் 40 சதவீதம் உப்பு போடுவார்கள். முதல் ஊறலிலேயே அது தண்ணீரில் இறங்கிவிடும். மயிர் நீக்கச் சுண்ணாம்பு. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்தது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து, முழுமையாக்கிய தோலுக்குத் தொழில் திரும்பியபோது குரோமியமும் பெரிய அளவில் சேர்ந்தது. அந்நியச் செலாவணிக்காக டெல்லியில் எடுத்த முடிவு, எங்கள் கிணறுகளுக்கு வந்து சேர்ந்தது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டுக்காகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கும் தீர்ப்பு. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்றும், தோல் தொழிற்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதென்றும் அதில் வருகிறது. இரண்டாவது கணக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையத்தினுடையது. காதி சோப்புக் குறிப்பு வருவதும் அதே பல்கலைக்கழகத்திலிருந்துதான். இரண்டு தாள்களும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை குரோமியத்தைப் படியவைக்கும், நாற்றத்தைக் குறைக்கும். கரைந்த உப்பை எடுக்கத் தனியாகச் சவ்வூடு பரவல் வேண்டும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மறுபடியும் உத்தரவிட்டு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறை. தோல் தொழிற்சாலைச் சம்பளத்தில் படித்துத்தான் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் பொறியாளர் ஆனோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலையும் தண்ணீரும் இந்த ஊரில் ஒரே குழாயில் வந்தன.

அத்தை இப்போது பூந்திக்கொட்டை வாங்கிவருகிறார். நாலைந்தை ஊறவைத்துக் கசக்கினால் உப்புத் தண்ணீரிலும் நுரை வரும். அதிலிருக்கும் சபோனின் கால்சியத்தோடு திரிவதில்லை. வேப்பங்கொட்டைச் சாற்றில் சோப்புக்குப் பதில் அதை விடுகிறார். புளித்த மோர் ஒரு கரண்டி சேர்த்தால் தண்ணீரின் காரம் கொஞ்சம் அடங்கும். மழை பெய்தால் அண்டாவை முற்றத்தில் வைத்துப் பிடித்துக்கொள்வார். மழையில்லாத மாதங்களில், குடிக்க வாங்கும் 20 லிட்டர் கேனிலிருந்து இரண்டு சொம்பு செடிக்குப் போகிறது. உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படியென்று தெரியாவிட்டால், வேம்பை இடிக்குமுன் ஒரு கண்ணாடி டம்ளரில் சோப்பைச் சீவிப் போட்டுக் கலக்கி அஞ்சு நிமிஷம் வையுங்கள். திரண்டு மிதந்தால் அந்தத் தண்ணீரில் சோப்பு வேண்டாம்.