மாமா கொடுத்தால் சீர், நண்பன் கொடுத்தால் வருமானமா?

"சார், ஃப்ரெண்டு பணம் கொடுத்தா அதுக்கு வரி கட்டணுமா? என் செலவை அவனே ஏத்துக்கிட்டா?"

புனேயில் நம்மூர்க் குடும்பங்கள் கூடுகிற இடத்தில், பேங்க்காரன் என்பதால் என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் பிறந்த கதை சுவாரஸ்யமானது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1953-ல் இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கு எஸ்டேட் டூட்டி என்ற வரி வந்தது. நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? சாவதற்கு முன்பே சொத்தை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1956-ல் இந்தியாவுக்கு வந்த கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் கால்டார், செல்வத்துக்கும் செலவுக்கும் அன்பளிப்புக்கும் வரி போடுங்கள் என்று யோசனை சொன்னார். முதல் இரண்டையும் 1957-ல் கொண்டுவந்தவர் நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரி. முந்த்ரா விவகாரத்தில் அவர் பதவி விலகியதால், 1958 பட்ஜெட்டைப் பிரதமர் நேருவே படித்தார். அன்பளிப்பு வரி அந்த பட்ஜெட்டில்தான் வந்தது.

அந்தச் சட்டத்தில் வரி கட்ட வேண்டியவர் கொடுத்தவர், வாங்கினவர் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வாங்கினவர் கையில் அது வருமானமா? அதே காலத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு வழக்குகள் போயின.

முதலாவது திருவனந்தபுரத்துக் கிருஷ்ண மேனன் வழக்கு. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வேதாந்தம் கற்பித்தவர். இங்கிலாந்திலிருந்து வந்த ஜான் லெவி என்ற சீடர் அவருக்குப் பெரும் தொகை கொடுத்தார். அன்பினால் வந்த பணம் என்று மேனன் தரப்பு வாதாடியது. கற்பிப்பது அவருடைய தொழில், அதனால்தான் பணம் வந்தது, எனவே வரி உண்டு என்று 1958-ல் தீர்ப்பானது.

இரண்டாவது பாவ்நகர் வழக்கு. முன்னாள் திவான் அனந்தராய் பட்டணிக்கு மகாராஜா ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்தார். செய்த வேலைக்குக் கூலியில்லை, அபிமானத்தில் கொடுத்தது, அதனால் வருமானம் இல்லை என்று 1961-ல் தீர்ப்பு வந்தது.

ஆக, யார் கொடுத்தார் என்பதைவிட எதற்காகக் கொடுத்தார் என்பதுதான் அன்றைய அளவுகோல். உண்மையான நட்புக்காக வந்த பணத்தில் வாங்கினவருக்குப் பிரச்சினை இல்லை.

நான் பி.காம். முடித்த 1998-லேயே அன்பளிப்பு வரியும் முடிந்தது :-) யஷ்வந்த் சின்ஹா நிதியமைச்சராக இருந்தபோது, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அது எடுக்கப்பட்டது. இனி கொடுத்தவருக்கும் வரியில்லை, வாங்கினவருக்கும் இல்லை. கணக்கில் வராத பணத்தை "அன்பளிப்பு" என்று எழுதி வெள்ளையாக்க இது நல்ல வசதியாகப் போய்விட்டது.

ஓட்டையை அடைக்க வந்தவரும் நம்மூர்க்காரர்தான். 2004 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சுமையை வாங்குகிறவர் பக்கம் திருப்பினார். உறவினர் அல்லாதவரிடமிருந்து சும்மா வரும் பணம் 25,000 ரூபாயைத் தாண்டினால் அது வருமானம். 2006-ல் கணக்கு மாறியது. ஓர் ஆண்டில் எல்லோரிடமும் வாங்கியதைக் கூட்டி 50,000-ஐத் தாண்டினால், தாண்டின பகுதிக்கு மட்டுமில்லை, முழுத் தொகைக்கும் வரி. 2009-ல் நிலம், வீடு, பங்கு, நகை எல்லாம் பட்டியலில் சேர்ந்தன. விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்த 50,000 மட்டும் அப்படியே நிற்கிறது. 2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்திலும் இதே விதிதான்.

சரி, உறவினர் யார்? சட்டத்தில் பட்டியலே இருக்கிறது. கணவன் மனைவி, கூடப்பிறந்தவர்கள், பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள், நேர் வாரிசுகள் என்று போகிறது. தாய்மாமன் உங்களுக்குச் செய்யும் சீர் எத்தனை லட்சமானாலும் வரியில்லை. ஆனால் வயதான அந்த மாமாவுக்கு அக்கா பிள்ளை நீங்கள் இரண்டு லட்சம் அனுப்பினால்? அவருடைய பட்டியலில் நீங்கள் இல்லை! அவருக்கு அது வருமானம். பெரியம்மா பையனும் பட்டியலில் கிடையாது. நண்பனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கல்யாணத்துக்கு விலக்கு உண்டு. அதுவும் கல்யாணம் செய்துகொள்கிறவருக்குத்தான். காதுகுத்து, கிரகப்பிரவேச மொய்க்கு அந்த விலக்கு இல்லை.

செலவை நண்பர் ஏற்றுக்கொண்டால்? சட்டம் சொல்வது பணம், பட்டியலில் உள்ள சொத்து, இவை இரண்டும்தான். நண்பர் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதும் ஹோட்டல் பில் கட்டுவதும் அதில் வராது. ஆனால் உங்கள் கடனை அவர் அடைத்தால், பணம் வாங்கியதற்குச் சமம் என்று அதிகாரி வாதாட இடமிருக்கிறது. அந்த "நண்பர்" உங்கள் தொழிலில் வாடிக்கையாளராக இருந்தால் கதையே வேறு. தொழில் வழியாக வரும் சலுகையும் வருமானம் என்று 1964-லேயே, டி.டி.கே. மறுபடி நிதியமைச்சராக இருந்தபோது, சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

கொரோனா வந்தபோதுதான் இதன் கடுமை வெளியே தெரிந்தது. புனேயில் ஆஸ்பத்திரி பில்லுக்காக நண்பர்களும் கூட வேலை பார்ப்பவர்களும் பணம் திரட்டிக் கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. சட்டப்படி பார்த்தால் அதுவும் வருமானம்! 2021 ஜூனில் அரசு விலக்கு அறிவித்தது. நிர்மலா சீதாராமனின் 2022 பட்ஜெட்டில் அது முன்தேதியிட்டுச் சட்டமானது. சிகிச்சைக்கு யார் கொடுத்தாலும் வரியில்லை. நோயாளி இறந்துபோனால் குடும்பத்துக்கு மற்றவர்கள் தரும் தொகையில் 10 லட்சம் வரை வரியில்லை, வேலை கொடுத்தவர் தந்தால் வரம்பே இல்லை.

ஆனால் அந்த இரக்கம் ஒரே ஒரு நோய்க்குத்தான். கேன்சருக்கோ விபத்துக்கோ நண்பர்கள் சேர்ந்து மூன்று லட்சம் உங்கள் கணக்கில் போட்டால், பழைய 50,000 ரூபாய் விதிதான்.

இந்தச் சட்டம் ரத்த உறவை நம்புகிறது, நட்பைச் சந்தேகப்படுகிறது. கறுப்புப் பணத்துக்குப் பயந்து போட்ட வேலி, காரணம் புரிகிறது. ஆனால் ஊரை விட்டு வந்த நமக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவது பக்கத்து ஃப்ளாட்காரர்தான். பட்டியலில் உள்ள மாமா ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்.

அதனால் சில யோசனைகள். நண்பர்கள் உதவினால் ஆஸ்பத்திரிக்கே நேராகக் கட்டச் சொல்லி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திருப்பித் தரும் எண்ணமிருந்தால் கடன் என்று எழுதி, வங்கி வழியாகவே வாங்குங்கள். கடனில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, அதற்குத் தனி அபராதம் உண்டு. அன்பளிப்பு என்றால் ஒரு கடிதமும் தேதியும் இருக்கட்டும். பெரிய தொகையென்றால் ஆடிட்டரை ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

நண்பர் கணக்குப் பார்க்காமல் கொடுக்கலாம். வாங்குகிற நாம்தான் கணக்கு வைத்திருக்க வேண்டும்.