மூன்றாம் இடத்தின் மதிப்பு: ஆசியப் பெண்கள் கால்பந்தின் தகுதிச் சுற்று

உலகக் கோப்பைக் கால்பந்தில் எந்தெந்த நாடுகள் ஆட வேண்டும் என்பதைச் சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா தானே தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு கண்டத்துக்கும் இத்தனை இடங்கள் என ஒதுக்கிவிட்டு, அவற்றை நிரப்பும் பொறுப்பை அந்தந்தக் கண்டத்தின் கூட்டமைப்பிடம் ஒப்படைத்துவிடுகிறது. பெண்கள் கால்பந்தில் ஐரோப்பா இன்று இதற்கெனத் தனியாக ஒரு தகுதிச் சுற்றை நடத்துகிறது. ஆசியாவோ, தன் கண்டத்தின் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் பெண்கள் ஆசியக் கோப்பையையே பெரும்பாலும் உலகக் கோப்பைக்கான தகுதிப் போட்டியாகவும் பயன்படுத்தி வந்திருக்கிறது. ஒரே போட்டி இரண்டு வேலைகளைச் செய்வதால், கோப்பையை வெல்லும் அணியின் மகிழ்ச்சியைவிட, மூன்றாம் இடத்துக்கோ ஐந்தாம் இடத்துக்கோ ஆடும் அணியின் பதற்றமே பல ஆண்டுகளில் இப்போட்டியின் உண்மையான வரலாறாக இருந்திருக்கிறது.

இப்போட்டி தொடங்கியபோது உலகக் கோப்பையும் இல்லை, தகுதி என்ற பேச்சும் இல்லை. பெண்கள் கால்பந்தை ஆண்களின் கூட்டமைப்புகள் பொருட்படுத்தாதிருந்த 1968-ஆம் ஆண்டில், ஹாங்காங்கைச் சேர்ந்த வெரோனிகா சானின் முன்முயற்சியில் ஆசியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு என்ற தனி அமைப்பு உருவாயிற்று. அவ்வமைப்பு 1975-இல் ஹாங்காங்கில் நடத்திய முதல் போட்டியில் நியூசிலாந்து தாய்லாந்தை 3-1 என்ற கணக்கில் வென்று கோப்பையைப் பெற்றது. ஆசியாவைச் சேராத நியூசிலாந்தும், அன்றைக்கு ஆசியக் கூட்டமைப்பில் இல்லாத ஆஸ்திரேலியாவும் அதில் ஆடியது, வரைபடத்தின் எல்லைகளைக் காட்டிலும் ஆட வரும் அணி கிடைப்பதே அப்பெண்களுக்குப் பெரிதாக இருந்ததைக் காட்டுகிறது.

இந்தச் சுதந்திரத்தால் மிகுதியாகப் பயன்பெற்றது தைவான். சீன மக்கள் குடியரசு சேர்த்துக்கொள்ளப்பட்டதை ஒட்டி 1974-இல் ஆண்களின் ஆசியக் கூட்டமைப்பிலிருந்து தைவான் வெளியேற்றப்பட்டது. ஆயினும் பெண்களின் அமைப்பு தனித்து இயங்கியதால், பழங்கதையின் போர்வீராங்கனை முலானின் பெயரால் அழைக்கப்பட்ட அதன் பெண்கள் அணி 1977, 1980, 1981 என அடுத்தடுத்து மூன்று முறை ஆசியக் கோப்பையை வென்றது. 1986-இல் பெண்கள் அமைப்பு ஆண்களின் கூட்டமைப்போடு இணைக்கப்பட்டபோது அதே அணி ஓசியானியா கண்டத்தின் போட்டிக்குச் சென்று, 1986, 1989 ஆகிய இரு ஆண்டுகளிலும் அங்கும் சாம்பியனாயிற்று. நிர்வாகத்தார் கதவை அடைத்த இடங்களிலெல்லாம் வேறு கதவைத் தேடிக்கொண்ட அந்த அணியின் விடாமுயற்சிக்கு ஆசியக் கால்பந்து வரலாற்றில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

இதே காலகட்டத்தில் இந்தியாவும் முன்வரிசையில் இருந்தது. 1975-இல் லக்னோவில் தேசிய அளவிலான முதல் பெண்கள் போட்டியும், பெண்களுக்கெனத் தனிச் சம்மேளனமும் தோன்றியிருந்த நிலையில், 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டிக்கு இந்தியா இரண்டு அணிகளைக் களமிறக்கியது. அவற்றுள் ஒன்று இறுதி ஆட்டம் வரை சென்று தைவானிடம் 0-2 என்று தோற்றது. 1981-இல் மூன்றாம் இடம், 1983-இல் பாங்காக்கில் தாய்லாந்திடம் தோற்று மீண்டும் இரண்டாம் இடம் என அந்த முன்னேற்றம் தொடர்ந்தது. அக்கால அணியின் சாந்தி மல்லிக் 1983-இல் அர்ஜுனா விருது பெற்ற முதல் கால்பந்து வீராங்கனையானார். ஆசியாவின் முதல் நான்கு அணிகளுள் ஒன்றாகத் திகழ்ந்த இந்தியா, பெண்களுக்கு உலகக் கோப்பை என்ற ஒன்று பிறப்பதற்குள் பின்தங்கிவிட்டது என்பதே இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் துயரம்.

1986-இல் களமிறங்கிய சீனா முதல் முயற்சியிலேயே ஜப்பானை 2-0 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது; அன்று தொடங்கிய அதன் ஆதிக்கம் 1999 வரை ஒருமுறைகூடக் குலையவில்லை. 1991-இல் முதல் பெண்கள் உலகக் கோப்பையைச் சீனாவே நடத்தவிருந்தது. ஆசியாவுக்கு மூன்று இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்ததால், அவ்வாண்டு ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியப் போட்டி முதன்முறையாகத் தகுதிப் போட்டியின் தன்மையைப் பெற்றது. இறுதி ஆட்டத்தில் சீனா ஜப்பானை 5-0 என்று எளிதாக வென்றது. அதன் முடிவு எதுவாயினும் இரு அணிகளும் உலகக் கோப்பைக்குச் சென்றிருக்கும். தைவானும் வட கொரியாவும் மோதிய மூன்றாம் இடத்துக்கான ஆட்டமோ கோல் ஏதுமின்றி முடிந்து, பெனால்டி ஷூட்-அவுட் வரை, அதாவது இரு அணிகளும் மாறி மாறிப் பெனால்டி உதைத்து வெற்றியை முடிவு செய்யும் கட்டம் வரை நீண்டது. அதில் வென்ற தைவான், 'சீன தைபே' என்ற பெயரில் உலகக் கோப்பைக்குச் சென்று, நைஜீரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் 6-வது நிமிடத்திலேயே கோல்கீப்பர் வெளியேற்றப்பட்டும் 2-0 என வென்று காலிறுதியை எட்டியது.

அடுத்த உலகக் கோப்பைக்கு ஆசியாவின் இடங்கள் இரண்டாகக் குறைந்தன. 1994-இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியே தகுதிச் சுற்றாகக் கொள்ளப்பட, சீனாவும் ஜப்பானும் மட்டுமே தேறின. அதன்பின் ஆசியக் கோப்பையே மீண்டும் தகுதிப் போட்டியாயிற்று. 2003-இல் பாங்காக்கில் நடந்த போட்டியில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் தென் கொரியாவிடம் தோற்ற ஜப்பான், கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃப் எனப்படும் கூடுதல் தகுதி ஆட்டத்தில் மெக்சிகோவைச் சந்திக்க வேண்டியதாயிற்று. மெக்சிகோவில் 2-2 என்று சமன் செய்து, டோக்கியோவில் 2-0 என வென்று, கடைசி வாய்ப்பில் அது நுழைந்தது. 2007 உலகக் கோப்பைக்கும் அதே மெக்சிகோவைத் தாண்டியே ஜப்பான் செல்ல நேர்ந்தது.

இக்கதையின் உச்சம் 2010-இல் சீனாவின் செங்டுவில் அமைந்தது. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற ஜப்பான், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் போட்டியை நடத்திய சீனாவையே 2-0 என வென்றது. ஆசியாவுக்கு அன்று மூன்று நேரடி இடங்கள் மட்டுமே இருந்ததால், 1991 முதல் எல்லா உலகக் கோப்பைகளிலும் ஆடிவந்த சீனா முதன்முறையாக வெளியே நின்றது. ஆசியாவில் மூன்றாம் இடம் பெற்றுச் சென்ற ஜப்பானோ, அடுத்த ஆண்டு ஜூலை 17 அன்று ஃபிராங்ஃபர்ட்டில் அமெரிக்காவைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் வீழ்த்தி, உலகக் கோப்பையை வென்ற முதல் ஆசிய அணியாயிற்று. செங்டுவின் அந்த ஓர் ஆட்டத்தில் முடிவு மாறியிருந்தால், ஜப்பானிய விளையாட்டு வரலாற்றின் பெருமைமிக்க அந்த அத்தியாயமே எழுதப்பட்டிருக்காது.

2015 உலகக் கோப்பையில் அணிகளின் எண்ணிக்கை 24 ஆனபோது ஆசியாவின் இடங்கள் ஐந்தாயின. 2011 உலகக் கோப்பையில் வட கொரிய வீராங்கனைகள் ஐவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் அந்நாடு விலக்கப்பட்டிருக்க, வியட்நாமில் நடந்த 2014 ஆசியக் கோப்பையின் ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் தாய்லாந்து, ஹோ சி மின் நகரத்து ரசிகர்களின் ஆரவாரத்துக்கு நடுவே வியட்நாமை 2-1 என வென்றது. கஞ்சனா சுங்ஙொன் அடித்த இரண்டு கோல்கள், 1983-இன் ஆசியச் சாம்பியனை முதன்முறையாக உலகக் கோப்பைக்கு அனுப்பின.

இங்கே தகுதிச் சுற்றின் இன்னொரு படிக்கட்டையும் விளக்க வேண்டும். ஆசியக் கோப்பையின் முதன்மைச் சுற்றை அடைவதற்கே ஒரு முன் தகுதிச் சுற்று நடக்கிறது. நான்கைந்து அணிகள் கொண்ட ஒவ்வொரு குழுவும் ஒரே நகரில் கூடி, ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒருமுறை மோதும். புள்ளிகள் சமமாகி, அவ்வணிகள் தமக்குள் மோதிய ஆட்டமும் சமநிலையில் முடிந்திருந்தால், அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வரும் கோல் வித்தியாசம் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. இதன் கொடுமையை மிகத் தெளிவாகக் காட்டியது 2017 ஏப்ரலில் பியாங்யாங்கில் நடந்த குழு ஆட்டங்கள். வட, தென் கொரிய அணிகள் கிம் இல் சுங் மைதானத்தில் 1-1 என்று சமநிலை கண்டன. இரண்டும் மற்ற எல்லா அணிகளையும் வென்றிருந்ததால் கோல் வித்தியாசமே மிஞ்சியது. அதே குழுவில் இருந்த இந்தியாவை வட கொரியா 8-0 எனவும், தென் கொரியா 10-0 எனவும் வென்றிருந்தன. இந்தியாவின் வலைக்குள் விழுந்த அந்த இரண்டு கூடுதல் கோல்களும் மற்ற ஆட்டங்களின் கோல்களோடு சேர்ந்தே, மூன்று முறை ஆசியச் சாம்பியனான வட கொரியாவை 2018 ஆசியக் கோப்பையிலிருந்தும் 2019 உலகக் கோப்பையிலிருந்தும் வெளியேற்றின.

கோழிக்கோட்டின் இறுதி ஆட்டத்துக்கும் பியாங்யாங்கின் பதினெட்டு கோல்களுக்கும் இடையிலான வீழ்ச்சியை வீராங்கனைகளின் திறமைக் குறைவு என்று எழுதுவது அநீதி. 1990-களின் தொடக்கத்தில் பெண்களின் சம்மேளனம் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் கீழ் வந்த பிறகு, ஆண்கள் அணிக்கு நிகரான ஆட்டங்களோ பயிற்சியோ பெண்களுக்குக் கிடைக்கவில்லை; நீண்ட காலம் சர்வதேச ஆட்டமே ஆடாததால் 2009-இல் ஃபிஃபாவின் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியாவின் பெயர் நீக்கப்பட்டது. தகுதிச் சுற்றில் தோற்ற அணிக்கு அடுத்த தகுதிச் சுற்று வரை ஆட்டமே இல்லை, ஆட்டம் இல்லாததால் மீண்டும் தோல்வி என்ற சுழலுக்குள் ஒரு தலைமுறையின் இளமையே கழிந்தது. தேசிய அளவிலான பெண்கள் லீக் 2017-இல்தான் தொடங்கியது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் அதை வென்றது, தமிழ்நாட்டு வீராங்கனைகளுக்குத் தேசிய அணியின் வழியைத் திறந்த நிகழ்வுகளுள் ஒன்று.

2022 ஆசியக் கோப்பையை நடத்தும் நாடென்ற முறையில் இந்தியா தகுதிச் சுற்றின்றியே நுழைந்தது. இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன் உள்ளிட்ட தமிழ்நாட்டினர் அவ்வணியில் இருந்தனர். ஜனவரி 20 அன்று நவி மும்பையில் ஈரானோடு கோலின்றிச் சமன் செய்த அணி, கொரோனா தொற்று பரவியதால் ஜனவரி 23 அன்று சீன தைபேக்கு எதிராகக் குறைந்தபட்சம் தேவையான 13 வீராங்கனைகளைத் திரட்ட இயலாமல் விலகியதாக அறிவிக்கப்பட்டது. ஈரானுடன் ஆடிய ஆட்டமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அதே போட்டியில் சீன தைபே காலிறுதியில் பிலிப்பைன்சிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்று, காலிறுதியில் தோற்ற அணிகள் தமக்குள் ஆடிய சுற்றில் வியட்நாமிடமும் தோற்று, 2023 பிப்ரவரியில் கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃப்பில் பராகுவேயிடம் மீண்டும் பெனால்டியில் தோற்றது. 1991-இல் பெனால்டி வழியாகத் திறந்த கதவு அந்த அணிக்கு அதே வழியாகவே மூடப்பட்டது.

2025-இன் முன் தகுதிச் சுற்று தெற்காசியாவுக்கு நெடுநாள் காத்திருந்த நல்ல செய்தியைத் தந்தது. யாங்கூனில் ருது பர்ணா சாக்மாவின் இரு கோல்களால் மியான்மரை 2-1 என வென்ற வங்கதேசம், ஜூலை 2 அன்று முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. சியாங் மாய் நகரில் இந்தியா மங்கோலியாவை 13-0, திமோர்-லெஸ்தேவை 4-0, ஈராக்கை 5-0 என வென்றது. ஈராக்குக்கு எதிரான கோல்களில் ஒன்று தமிழ்நாட்டின் கார்த்திகா அங்கமுத்து அடித்தது. தாய்லாந்தும் அதே மூன்று அணிகளுக்கு எதிராக 22 கோல்கள் அடித்து, ஒன்றும் வாங்காதிருந்ததால், இரு அணிகளும் புள்ளியிலும் கோல் வித்தியாசத்திலும் இம்மியும் பிசகாத சமநிலையில் ஜூலை 5 அன்று மோதின. தரவரிசையில் தாய்லாந்து 46, இந்தியா 70. மேற்கு வங்கத்தின் சங்கீதா பாஸ்போர் 28-வது நிமிடத்தில் கோல் அடித்தார். இடைவேளைக்குப் பின் 47-வது நிமிடத்தில் தாய்லாந்து சமன் செய்தது. 74-வது நிமிடத்தில் சங்கீதாவே மீண்டும் அடித்தார். தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதன்முறை. பயிற்சியாளர் கிறிஸ்பின் சேத்ரியின் அந்த அணி, கோழிக்கோட்டுத் தலைமுறைக்குக் கிட்டாத ஒன்றைப் பெற்றுத் தந்தது.

ஆஸ்திரேலியாவில் 2026 மார்ச் மாதத்துக்கு ஏற்பாடான போட்டியின் குலுக்கலில் ஜப்பான், வியட்நாம், சீன தைபே ஆகியவற்றோடு இந்தியா ஒரே குழுவில் வைக்கப்பட்டது. பன்னிரண்டு அணிகளில் காலிறுதியை எட்டும் எட்டுக்கும் 2027 பிரேசில் உலகக் கோப்பைக்கான வாய்ப்பு உண்டு: அரையிறுதிக்குச் செல்லும் நான்கும், காலிறுதியில் தோற்றவை தமக்குள் ஆடி வெல்லும் இரண்டும் நேரடியாகத் தகுதி பெற, எஞ்சிய இரண்டு பிளே-ஆஃப்புக்குச் செல்லும். குழுவில் மூன்றாம் இடம் பெறும் மூன்று அணிகளுள் சிறந்த இரண்டுக்கும் காலிறுதி வாய்ப்பு உண்டு. அவற்றுக்கிடையே புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசமே பேசும் என்பதால், ஜப்பான் போன்ற வலிய அணியிடம் தோற்கும்போதும் எத்தனை கோல்களில் தோற்கிறோம் என்பது இத்தகைய குழுவின் சிறிய அணிகளுக்கு வெற்றிக்கு நிகரான கணக்காகிறது.