கிறித்தவப் பள்ளிகளின் பாடத்திட்டம்: யார் முடிவு செய்கிறார்கள்?

தமிழ்நாட்டின் அரசு உதவி பெறும் கிறித்தவத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் பல தலைமுறைகளாகத் தலித் குழந்தைகள் பயின்று வருகின்றனர். இப்பள்ளிகளை நிர்வகிக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30(1)ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு வழங்குகிறது. எனினும் பாடத்திட்டம் திருச்சபைக்கு உரியதன்று. 2010ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டத்திற்குப் பின், அரசுப் பள்ளிகளின் பாடத்திட்டமே இங்கும் கற்பிக்கப்படுகிறது.

நிர்வாகத்தின் தனி விருப்பம் செயற்படும் இடம் மறைக்கல்வி, நன்னெறி வகுப்புகளே. வழக்கமாக, கிறித்தவ மாணவர்களுக்கு மறைக்கல்வியும் பிறருக்கு நன்னெறியும் நடத்தப்படுகின்றன. பெற்றோரின் ஒப்புதலின்றி எந்தக் குழந்தையையும் சமயப் போதனையில் பங்கேற்கச் செய்யலாகாது என்கிறது 28(3)ஆம் பிரிவு.

நன்னெறி வகுப்பில் எதைக் கற்பிப்பது என்பதைப் பெரும்பாலும் நிர்வாகமே தீர்மானிக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவத் தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலோ இறந்தோரையும் பிரிக்கச் சாதிச் சுவர் எழுப்பப்பட்டது. இந்நிலையில், பொய் சொல்லாதே என்று கற்பிக்கும் வகுப்பு, தீண்டாமை குற்றம் என்பதையும் கற்பிக்கிறதா? பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் முதலில் எழுப்ப வேண்டிய வினா இதுவே.