வில்லும் சில்லும்: திருத்துவோர் நோக்கில் ஒரு வரலாறு

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றைப் பயன்படுத்தியோரும், பழுதுற்ற வேளையில் கழற்றித் திருத்தியோரும் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. மோட்டார்க்காரின் உடலுக்கும் சில்லுக்கும் இடையே நின்று பாதையின் அதிர்ச்சியை ஏற்கும் வில்லமைப்பு இதற்கு நல்லதோர் உதாரணமாகும். அவ்வமைப்பு மாறிய ஒவ்வொரு கட்டத்திலும், அதனை வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்தும் ஆற்றலுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வில்லின் இயல்பை விதியாக வகுத்தவர் ஆங்கில அறிஞர் றொபேட் ஹூக் ஆவார். வில் எவ்வளவு இழுபடுகின்றதோ அவ்வளவுக்கு அதன் எதிர்விசையும் பெருகும் என்பதை அவர் 1678இல் விளக்கி வெளியிட்டார். எனினும் வண்டித் தொழிலில் பெருமாற்றத்தை ஏற்படுத்தியது 1804இல் இலண்டன் வண்டித் தொழிலாளரான ஒபதையா எலியட் காப்புரிமை பெற்ற நீள்வளைய வில்லேயாகும். உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய அவ்வில், குதிரை வண்டியின் அடியில் நீண்டு கிடந்த பாரிய மரச்சட்டத்தைத் தேவையற்றதாக்கியது. வண்டி இலேசாயிற்று, பயணமும் எளிதாயிற்று. அது கொல்லனுக்குப் பழக்கமான உருக்கினால், அவனுக்குப் பழக்கமான முறையிலேயே செய்யப்பட்டதென்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

குதிரையின் இடத்தை இயந்திரம் பிடித்தபோதும் தகட்டு வில் நிலைத்தது. 1908இல் வெளிவந்த போர்ட் 'ரி' மாதிரிக் கார், முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாகக் குறுக்கே வைத்த இரண்டு தகட்டு விற்களின் மீதே ஓடிற்று. 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த மொறிஸ் மைனர் காரின் முன்புறத்தில் முறுக்குத் தண்டுகள் அமைந்தனவாயினும், பின்புறத்தைத் தாங்கியவை தகட்டு விற்களே. தகடு ஒன்று முறிந்தால் காரை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, 'யூ' வடிவ ஆணிகளைத் தளர்த்தி, அடுக்கைக் கழற்றி, முறிந்த தகட்டை மாத்திரம் மாற்றிவிடலாம். பழுது கண்ணுக்குத் தெரிந்தது. அதனைத் தீர்க்கும் வழியும் தெரிந்தது.

வில் அதிர்ச்சியை ஏற்குமேயன்றி அதனை அழிப்பதில்லை. அமுக்கப்பட்ட வில் மீண்டும் துள்ளும். அத்துள்ளலை அடக்குவது, சிறு துவாரங்களினூடாக எண்ணெயைத் தள்ளி அசைவின் சக்தியை வெப்பமாக மாற்றும் அதிர்வடக்கியாகும். இதனையே நமது கராஜ்களில் 'சொக் அப்சோபர்' என வழங்குவர். மொறிஸ் மைனரில் இது வில்லினின்றும் வேறான தனியுறுப்பாய், மேலுள்ள மூடியைத் திறந்து எண்ணெய் விடத்தக்கதாய் இருந்தது. வில்லும் அதிர்வடக்கியும் வெவ்வேறாக இருந்தவரை ஒன்றைத் தொடாது மற்றையதைத் திருத்துதல் இயலுவதாயிற்று.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்கப் பொறியியலாளரான ஏர்ல் மக்பேர்சன். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தில் சிறிய கார் ஒன்றை வடிவமைத்த அவர், அத்திட்டம் கைவிடப்பட்டதும் 1947இல் போர்ட் நிறுவனத்திற்குச் சென்றார். சுருள் வில்லையும் அதிர்வடக்கியையும் சில்லைத் தாங்கும் தூணையும் ஒன்றாக்கி, அத்தூணின் தலையைக் காரின் உடலுடனேயே பொருத்துவது அவரது முறை. 1950இல் இங்கிலாந்தில் அறிமுகமான போர்ட் கொன்சல், செபிர் ஆகிய கார்கள் இதனைப் பரவலாக்கின. உறுப்புக்கள் குறைந்தன, உற்பத்திச் செலவு குறைந்தது, இயந்திரத்திற்கு இடமும் கிடைத்தது. சிறிய கார்களின் முன்புறத்தில் இன்றும் இம்முறையே பெருவழக்காயுள்ளது.

உற்பத்தியாளருக்கு எளிமையான இவ்வமைப்பு திருத்துவோருக்கும் எளிமையானதா? அதிர்வடக்கி எண்ணெய் கசிந்து செயலிழந்தால், அதனை மாற்றுவதற்கு வில்லையும் அவிழ்க்க வேண்டியுள்ளது. அவ்வில்லோ கார் உயர்த்தப்பட்ட நிலையிலும் முற்றாகத் தளர்வதில்லை. மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே அமுக்குண்டே கிடக்கின்றது. ஹூக்கின் விதியைக் கொண்டே இதன் தன்மையைக் கணக்கிடலாம். ஒரு மில்லிமீற்றர் அமுங்குவதற்கு 2 கிலோகிராம் எடை வேண்டப்படும் வில் ஒன்று 150 மில்லிமீற்றர் அமுக்கப்படின், 300 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் எதிர்த்து நிற்கும். அதில் அடங்கியுள்ள சக்தி, 10 கிலோகிராம் கல்லொன்று இரண்டேகால் மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் சக்திக்குச் சமமாகும். தூணின் தலையில் நடுவே உள்ள நட்டை முன்னேற்பாடின்றிக் கழற்றுபவரின் முகத்திற்கு நேரே வெளிப்படுவது இச்சக்தியே.

எனினும் இது வீட்டில் செய்யவொண்ணாத வேலையன்று. காரைத் திடமான தாங்கிகளில் நிறுத்தி, கீழே சில்லைத் தாங்கும் பாகத்துடனுள்ள இணைப்பையும் மேலே உடலுடன் பிணைக்கும் வெளிப்புற நட்டுக்களையும் கழற்றினால், தூண் முழுமையாக வெளிவரும். நடுநட்டை அதுவரை தொடலாகாது. பின்னர் சுருளின் இருபுறத்திலும் எதிரெதிராகத் திருகு அமுக்கிகளை மாட்டி, அவற்றை மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். வில் தன் தட்டுக்களில் தளர்ந்து அசையத் தொடங்கிய பின்னரே நடுநட்டுக்கு முறை வரும். கயிறு, கம்பி, சங்கிலி என்பன அமுக்கிக்கு மாற்றாகா. மீளப் பொருத்திய பின் முன்சில்லுகளின் சாய்வையும் நேர்மையையும் அளந்து சரிபார்த்தல் வேண்டும். முன்னைய தகட்டு வில் கைப்பழக்கத்தை வேண்டி நின்றது. தூணோ அதனுடன் விசேட கருவியையும் அளவீட்டையும் வேண்டி நிற்கின்றது. மாறியது இதுவே.

இலங்கையில் இம்மாற்றம் பொருளாதார வரலாற்றுடன் பின்னிப் பிணைந்து நிகழ்ந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே மொறிஸ், ஒஸ்ரின் முதலிய ஆங்கிலேயக் கார்கள் தமக்கு விதிக்கப்பட்ட ஆயுளைக் கடந்தும் ஓடவேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்தில் இந்நிலை மேலும் நீடித்தது. 1990இன் பின்னர் எரிபொருள் முதலிய பல பொருட்கள் தடைசெய்யப்பட்ட காலத்தில், அங்கு பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியமை பலரும் அறிந்ததே. ஆனால் மண்ணெண்ணெய் இயந்திரத்தை மட்டுமே இயக்கும். குண்டும் குழியுமான பாதையில் சில்லைத் தாங்க வில் வேண்டும். நோயாளரையும் முதியோரையும் ஏற்றிச் சென்ற அக்கார்கள் ஓடியமைக்கு, பகுதி பகுதியாகக் கழற்றித் திருத்த இடந்தந்த அவற்றின் அமைப்பும் ஒரு காரணம் எனலாம்.

நாட்டின் ஏனைய பகுதிகளில் 1977இன் தாராளப் பொருளாதாரக் கொள்கையை அடுத்து யப்பானியக் கார்கள் பெருகின. டொயோட்டா கொறோலா, 1966இல் வெளிவந்த தன் முதல் தலைமுறையிலிருந்தே முன்புறத்தில் மக்பேர்சன் தூணைக் கொண்டதாகும். திருத்துதல் என்ற சொல்லின் பொருள் மெல்ல மெல்ல 'மாற்றுதல்' என்றாயிற்று. ஆனால் 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இவ்வைந்தாண்டுகளிலும் உள்ள காரைக் காப்பதன்றி வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. கைவிடப்பட்ட அறிவு தேவைப்படும் காலம் மீண்டும் வந்ததென்பதை இது உணர்த்துகின்றது.

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். பயணிப்போரின் சுகம் பெருகப் பெருக, திருத்துவோரின் கை விலக்கப்பட்டு வந்துள்ளது. இதற்காகத் தகட்டு வில்லின் காலத்திற்குத் திரும்புதல் இயலாது, அது விரும்பத்தக்கதுமன்று. வேண்டப்படுவது, விசை எங்கே ஒளிந்துள்ளது என்ற அறிவும் அதனைக் கட்டுப்படுத்தும் கருவியும் பொதுவுடைமையாதலே. தடைக்காலத்தில் கார்களைக் காத்த திருத்துநர்கள் முதுமையடைந்து வருகின்றனர். அவர்கள் கையாண்ட முறைகளும், உறுப்புக்களுக்கு இட்டு வழங்கிய பெயர்களும் பெரும்பாலும் ஏட்டிலேறவில்லை. அரசர்களின் பட்டியலைத் தொகுக்கும் அதே கவனத்துடன் அவர்களின் வாய்மொழியைத் தொகுத்தலும் வரலாற்று மாணவரின் கடமையாகும். கராஜ்களின் வாயில் இன்னும் திறந்தேயுள்ளது. செல்ல வேண்டியவர்கள் நாமே.